மெலனியாக நடித்த ஒலிவியா டி ஹாவிலண்ட்: அடுத்து எந்தப் படம்?

பாதித்தூக்கம்:

போன வாரம் அம்மாவுடன் உட்கார்ந்து 'கான் வித் தி விண்ட்' என்ற 1939ம் வருஷ ஹாலிவுட் படத்தைப் பார்த்தேன். கிட்டத்தட்ட நாலு மணி நேரப் படம், மூன்று ராத்திரியாகப் பிரித்துப் பார்த்தோம். கதாநாயகி ஸ்கார்லெட்டை அம்மா திட்டிக்கொண்டே பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். திட்டவும் செய்தார். ஆனால் கண் என்னவோ மெலனி மேலேயே இருந்தது.

எனக்கு மெலனி உப்புச்சப்பில்லாத பாத்திரமாகத்தான் தெரிந்தாள். யார் என்ன செய்தாலும் நல்லதாகவே எடுத்துக்கொள்கிறவள், இப்படி ஒருத்தி உலகத்தில் இருப்பாளா என்று. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பிறந்தநாள் விருந்துக்கு ஸ்கார்லெட் அந்தக் கருஞ்சிவப்பு உடையில் வந்து வாசலில் நிற்பாளே, ஊரே அவளையும் மெலனியின் கணவனையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரம். மெலனி நேரே போய் அவளை வரவேற்று உள்ளே கூட்டி வருவாள். அங்கே படத்தை நிறுத்தச் சொன்னார். "இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்காதே. எல்லாம் தெரிஞ்சுதான் பேசாம இருக்கா" என்றார். பின்னால் ஓட்டித் திரும்பப் பார்த்தேன். அம்மா சொன்னதுதான் சரி போலத் தோன்றுகிறது.

நடித்தவர் ஒலிவியா டி ஹாவிலண்ட். 104 வயது வரை வாழ்ந்து 2020 ஜூலையில் பாரிசில் இறந்திருக்கிறார். சிறந்த நடிகைக்கு இரண்டு ஆஸ்கர், இரண்டுமே மெலனிக்கு இல்லை. அதோடு 'டி ஹாவிலண்ட் சட்டம்' என்று ஒன்றும் கண்ணில் பட்டது. டி ஹாவிலண்ட் என்றால் விமானம்தானே, அது சம்பந்தமான ஏதோ விதி என்று முதலில் நினைத்துவிட்டேன்.

இரண்டு கேள்விகள். அம்மாவுக்கு அடுத்து இவருடைய எந்தப் படத்தைப் போடலாம்? அவர் சப்டைட்டிலைக் கொஞ்சம் நிதானமாகத்தான் படிப்பார், ரொம்ப வேகமாகப் பேசும் படம் வேண்டாம். அப்புறம், அந்தச் சட்டம் நிஜமாகவே இந்த மெலனியால் வந்ததா?

சப்டைட்டில்காரி:

முதலில் உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த விருந்துக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அவர் ஒரே தடவையில் பிடித்துவிட்டார்.

'த ஹெய்ரஸ்' போடுங்கள். 1949, வில்லியம் வாய்லர் இயக்கியது. வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

நான் சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறவள். வசனம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்ப்பதுதான் வேலை. யாரும் பேசாத இடம் வந்தால் எனக்கு ஓய்வு. தேநீர் எடுக்கப் போய்விடுவேன். வீட்டில் சும்மா படம் பார்க்கும்போதும் இந்தப் பழக்கம் போகாது, மௌனம் வந்தால் கை தானாகக் கோப்பையைத் தேடும். 'த ஹெய்ரஸ்' பார்த்தபோது யாரும் பேசாத ஓர் இடத்தில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க், வாஷிங்டன் ஸ்கொயரில் ஒரு பணக்கார டாக்டர் வீடு. ஒரே மகள் கேதரின். கூச்ச சுபாவம், நாலு பேர் முன்னால் பேச வராது. செத்துப்போன அம்மாவின் அழகும் சாமர்த்தியமும் இவளுக்கு இல்லை என்று அப்பா ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார். கத்த மாட்டார், அடிக்க மாட்டார், ரொம்ப மரியாதையாக ஊசி குத்துவார். ரால்ஃப் ரிச்சர்ட்சன் அந்த அப்பா. இந்தப் பெண்ணுக்கு அம்மா வழியில் வருஷத்துக்கு 10,000 டாலர் வருமானம், அப்பாவுக்குப் பிறகு இன்னும் 20,000 சேரும். அழகான, கையில் காசில்லாத ஒருவன் (மான்ட்கோமரி கிளிஃப்ட்) வந்து காதலிக்கிறேன் என்கிறான். பணத்துக்காகவா, நிஜமாகவா? அப்பா கணக்குப் போட்டு முடித்துவிடுகிறார், அவள் போடவில்லை.

ஒரு ராத்திரி அவனோடு ஓடிப்போகப் பெட்டியும் கையுமாகக் காத்திருக்கிறாள். தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து ஓடுகிறாள். விடியும் நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். அவ்வளவுதான், ஒரு பெண் படி ஏறுகிறாள். நான் உட்கார்ந்துவிட்டது அங்கேதான். அந்தக் காட்சிக்கு வாய்லர் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருந்தாராம். காலிப் பெட்டியைத் தூக்கினால் காலிப் பெட்டி மாதிரிதான் இருக்கும் என்று கண்டுபிடித்து, உள்ளே புத்தகங்களை அடைக்கச் சொன்னாராம். கதை எத்தனை சதவீதம் உண்மையோ, அந்தக் கனம் திரையில் தெரிகிறது.

இன்னொன்று, குரல். அம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் கேட்கச் சொல்லுங்கள். முதல் பாதியில் கேதரின் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் லேசாக மேலே போகும், அனுமதி கேட்பது மாதிரி. பிற்பாதியில் குரல் இறங்கிவிடும். வாக்கியங்கள் முற்றுப்புள்ளியில் முடியும். அதே ஆள், அதே வீடு, ஆனால் கேட்டால் அத்தை மாதிரி இருக்கும். கடைசிக் காட்சியைச் சொல்ல மாட்டேன். மறுபடியும் மாடிப்படி வரும் என்பது மட்டும் போதும்.

படம் ஒரு நாடகத்திலிருந்து வந்தது, நாடகம் ஹென்றி ஜேம்ஸின் 'வாஷிங்டன் ஸ்கொயர்' நாவலிலிருந்து. நிதானமாகப் பேசுவார்கள், அம்மாவுக்கு வசதி. இரண்டாவது ஆஸ்கர் இதற்குத்தான்.

முதல் ஆஸ்கர் 1946ல் வந்த 'டு ஈச் ஹிஸ் ஓன்' படத்துக்கு. கல்யாணமாகாமல் பெற்ற மகனை இன்னொருத்தி வளர்க்க, அத்தை போல ஓரமாக நின்று பார்க்கிற பெண். முதல் உலகப் போரில் இளம்பெண்ணாகத் தொடங்கி இரண்டாவது போரில் இறுகிப்போன நடுவயதுக்காரியாக வருவார். அழுகைப் படம்தான், மறுக்கவில்லை. ஆனால் வயதான பகுதியில் அவர் அழாமல் இருப்பதைப் பார்த்துத்தான் நமக்கு அழுகை வரும். 1948ன் 'த ஸ்நேக் பிட்' மனநல மருத்துவமனைக்குள் நடக்கும் கதை. அதற்காக அவர் நிஜ மருத்துவமனைகளுக்குப் போய் நோயாளிகளையும் சிகிச்சையையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். நல்ல படம், ஆனால் மனம் கனத்துவிடும். மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக: 1916ல் டோக்கியோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்து, கலிஃபோர்னியாவில் சாரட்டோகா என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 18 வயதில் மாக்ஸ் ரைன்ஹார்ட் ஹாலிவுட் பௌலில் போட்ட 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தில் ஹெர்மியா வேடத்துக்கு மாற்று நடிகைக்கும் மாற்றாக இருந்தார். முன்னால் இருந்த இருவரும் பட வேலைக்குப் போய்விட, மேடை இவருக்கு வந்தது. அதைப் பார்த்து வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ ஒப்பந்தம் போட்டது. விமானக் கம்பெனியும் முழுக்கத் தப்பில்லை, அதைத் தொடங்கிய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் இவருடைய அப்பா வழி உறவு.

குதிரைச்சத்தம்:

மேலே எழுதியவர் அம்மாவை ஒரேயடியாக அழவைக்கத் திட்டம் போட்டிருக்கிறார். நடுவில் 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' போடுங்கள், 1938. டெக்னிகலர், எரால் ஃப்ளின், வாள் சண்டை, அரண்மனை. ராபின் ஹூட்டின் காதலி மேரியன் இவர்தான். ஃப்ளினும் இவரும் எட்டுப் படம் சேர்ந்து நடித்தார்கள், 'கேப்டன் பிளட்' தொடங்கி 'தே டைட் வித் தேர் பூட்ஸ் ஆன்' வரை. அந்தக் கடைசிப் படத்தில் அவன் போருக்குக் கிளம்பும்போது விடைபெறும் காட்சி இருக்கிறது. அவன் போனதும் இவர் சுவரோடு சாய்ந்து நிற்பார். சரி, நானும் அழவைக்கத்தான் பார்க்கிறேன்.

நிபந்தனைகளுக்குட்பட்டது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆமாம், அதே மெலனிதான். இது எனக்குப் பிடித்த விஷயம், ஏனென்றால் என் முதல் வேலையில் இரண்டு வருஷம் பாண்டு எழுதிக் கொடுத்திருந்தேன். காய்ச்சலில் மூன்று வாரம் படுத்தேன். திரும்பி வந்தபோது அந்த மூன்று வாரத்தைப் பாண்டின் கடைசியில் சேர்த்துவிட்டோம் என்றார்கள். சின்ன எழுத்தில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. பல வருஷம் கழித்து ஒலிவியாவின் வழக்கைப் படித்தபோது, அட இது நம் கதை என்று எழுந்து உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்து ஸ்டுடியோ ஒப்பந்தம் இப்படி. ஏழு வருஷம் நீ எங்கள் ஆள். ஆனால் நாங்கள் உன்னோடு ஏழு வருஷம் கட்டுப்பட்டிருக்க மாட்டோம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை, உன்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பதை நாங்கள் முடிவு செய்வோம். என்ன வேடம் என்பதும் எங்கள் முடிவு. வேண்டாம் என்று சொன்னால் சஸ்பென்ஷன், சம்பளம் கிடையாது, வேறு எங்கும் நடிக்கவும் கூடாது. அந்தச் சஸ்பென்ஷன் நாட்களை ஏழு வருஷத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். ஒருத்தி மானத்தோடு நாலு வேடத்தை மறுத்தால் ஏழு வருஷம் எட்டாகும், ஒன்பதாகும்.

வார்னரில் இவருக்குப் பெரும்பாலும் கதாநாயகன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேடங்கள். மெலனியாக நடித்ததே வார்னர் படம் இல்லை, செல்ஸ்னிக் என்ற வேறு தயாரிப்பாளரின் படம். இவரை அந்தப் படத்துக்குக் கடன் கொடுக்க ஸ்டுடியோ முதலாளி ஜாக் வார்னர் மறுத்தார். இவர் வார்னரின் மனைவி ஆனைத் தேநீருக்கு அழைத்துப் பேசித்தான் காரியத்தை முடித்தார். போய் நடித்து ஆஸ்கர் பரிந்துரையும் வாங்கித் திரும்பினால் மறுபடியும் பழைய மாதிரி வேடங்கள். மறுத்தார், சஸ்பென்ஷன் வாங்கினார், மறுபடி மறுத்தார்.

1943ல் ஏழு வருஷம் முடிந்தபோது இன்னும் சுமார் 25 வாரம் பாக்கி என்றது ஸ்டுடியோ. மார்ட்டின் காங் என்ற வழக்கறிஞர் கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டத்தில் 2855ம் பிரிவை எடுத்துக் காட்டினார். சொந்த உழைப்புக்கான ஒப்பந்தத்தை ஏழு வருஷத்துக்கு மேல் ஒருவர் மீது கட்டாயப்படுத்த முடியாது என்பது அதன் சாரம். பிரிவு ஏற்கெனவே இருந்ததுதான். ஏழு வருஷம் என்றால் என்ன என்பதுதான் சண்டை. வேலை செய்த ஏழு வருஷமா, காலண்டரில் ஓடிய ஏழு வருஷமா?

ஏற்கெனவே 1936ல் நடிகை பெட்டி டேவிஸ் இதே வார்னரை எதிர்த்து இங்கிலாந்து நீதிமன்றத்தில் தோற்றிருந்தார். அவ்வளவு பெரிய நட்சத்திரமே தோற்ற இடத்தில் இந்தச் சாதுப் பெண் போய் நின்றதுதான் விஷயம். விசாரணையில் ஸ்டுடியோ வக்கீல் ஒவ்வொரு தேதியாகச் சொல்லி, அன்று படப்பிடிப்புக்கு வரத் தவறினீர்களா இல்லையா என்று கேட்டாராம். தவறவில்லை, மறுத்தேன் என்றாராம் இவர். பிற்காலப் பேட்டியில் அவரே சொன்னது. 'தவறுவது', 'மறுப்பது', இந்த இரண்டு வினைச்சொல்லுக்கு நடுவில்தான் வழக்கு முழுவதும் நின்றது என்று எனக்குத் தோன்றும்.

ஜெயித்தார். ஸ்டுடியோ மேல்முறையீடு போனது. 1944 டிசம்பர் 8 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் காலண்டர் வருஷம்தான் என்றது. சஸ்பென்ஷனுக்கு ஒத்துக்கொண்டுதானே கையெழுத்துப் போட்டார் என்ற வாதமும் எடுபடவில்லை. பொதுநலனுக்காகப் போட்ட பாதுகாப்பை ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கைவிட முடியாது என்பது தீர்ப்பின் உயிர்நாடி. 1945 பிப்ரவரியில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததோடு முடிந்தது.

அதுவரை சும்மாவா இருந்தார்கள்? இவரை வைத்துப் படம் எடுக்காதீர்கள் என்று வார்னர் மற்ற ஸ்டுடியோக்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பியது. இரண்டு வருஷம் போல ஒரு படமும் இல்லை. போர்க்காலம், ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்க் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிஜி வரை போய் அங்கே நிமோனியாவில் படுத்தார். வழக்கு முடிந்து வெளியே வந்து பாரமவுண்டில் நடித்த படம்தான் மேலே சொன்ன 'டு ஈச் ஹிஸ் ஓன்'.

இன்றைக்கும் கலிஃபோர்னியாவில் நடிகர், பாடகர் ஒப்பந்தத் தகராறு வந்தால் இவர் பெயர் வந்துவிடும். 2008ல் நடிகர் ஜாரெட் லெட்டோவின் இசைக்குழு மீது ஈஎம்ஐ என்ற இசைத்தட்டுக் கம்பெனி 30 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டபோது அவர்கள் பிடித்துக்கொண்டது இந்த ஏழு வருஷ விதியைத்தான். அது சமாதானத்தில் முடிந்தது. இசைத்துறைக்கு மட்டும் 1987ல் ஒரு விலக்கைச் சொருகி வைத்திருப்பதால் பாடகர்களுக்கு இன்னும் முழு விடுதலை இல்லை.

என் மூன்று வாரம்? முழுக்க வேலை செய்து கழித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜோன்கட்சி:

எல்லோரும் சாமி கும்பிடுகிற மாதிரி எழுதுவதால் ஒரு மாற்றுக் குரல். தங்கை ஜோன் ஃபான்டெய்னை யாருமே சொல்லவில்லையே? அக்கா குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டதால் மாற்றாந்தந்தையின் பெயரை வைத்துக்கொண்டு வந்து, 'ரெபெக்கா'வில் நடித்து, 'சஸ்பிஷன்' படத்துக்கு அக்காவுக்கு முன்னால் ஆஸ்கர் வாங்கியவர். அந்த 1942 விழாவில் தோற்றவர்களில் அக்காவும் ஒருவர், இருவரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து அக்கா ஜெயித்தபோது தங்கை வாழ்த்தப் போக, அக்கா திரும்பிக்கொண்டு போன புகைப்படம் பிரபலம். மெலனியாக இருந்தால் கையைப் பிடித்து உள்ளே அழைத்திருப்பாள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. இவர் பெயரில் இன்னொரு வழக்கும் உண்டு. 'ஃப்யூட்' என்ற டிவி தொடரில் தன்னை அனுமதியில்லாமல் பாத்திரமாக்கினார்கள் என்று 2017ல் எஃப்எக்ஸ் சேனல் மீது போட்டது. 2018ல் மேல்முறையீட்டில் தோற்றார், என் கணக்கில் தோற்றதே நல்லது. ஜெயித்திருந்தால் நிஜ மனிதர்களைப் பற்றிக் கதை எடுக்கிறவர்கள் ஒவ்வொருவரும் கைகட்டி நின்றிருக்க வேண்டும்.

சப்டைட்டில்காரி:

ஜோன்கட்சி, தீர்ப்பு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், மனசில்லாமல். ஆனால் தங்கையைத் திட்டும் ஒரு கெட்ட வார்த்தையை அந்தத் தொடர் இவர் வாயில் வைத்தது. 101வது பிறந்தநாளுக்கு முதல் நாள் வழக்குப் போட்டார். அந்த வயதில், தான் பேசாத வசனத்தைத் தன் குரலாகக் காட்டக் கூடாது என்று ஒருவர் கோர்ட்டுக்குப் போவதை வசனத்தோடு பிழைக்கும் என்னால் கேலி செய்ய முடியவில்லை. அக்கா தங்கைச் சண்டையில் இரண்டு பேர் பக்கமும் நாம் கேட்டது பாதிதான், விட்டுவிடுவோம். 'ரெபெக்கா' அருமையான படம், அதில் தகராறு இல்லை.

நிபந்தனை, அந்த 'மறுத்தேன்' கதையை நானும் படித்திருக்கிறேன். தமிழில் அதற்குச் சப்டைட்டில் போட்டால் ஒரே வார்த்தையில் முடியும். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை வினாடி திரையில் நிற்க விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாதித்தூக்கம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று 'த ஹெய்ரஸ்' பார்த்தோம்.

முதல் அரை மணி நேரம் அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார், இந்த அசடா அந்த மெலனி என்று. அப்பாக்காரர் பேசப் பேச முகம் மாறியது. "இவரு நல்லா படிச்சவரு, அதான் இப்படிப் பேசத் தெரியுது" என்றார். காத்திருக்கும் ராத்திரியில் நான் வண்டிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன், அம்மா பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மாடிப்படி ஏறும்போது நான் சும்மா இருக்க மாட்டாமல், அதைக் கீழேயே வைத்துவிட்டு ஏறலாமே என்றேன். "வச்சா காலையில வேலைக்காரிக்குத் தெரிஞ்சிடுமே" என்றார் அம்மா. புத்தகம் அடைத்த கதையைச் சொன்னேன், அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

கடைசியை நானும் இங்கே எழுத மாட்டேன். அம்மா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் சொல்கிறேன். பிறகு அவள் நூலை வெட்டும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். அம்மாவும் பூத்தையல் போடுகிறவர். கத்தரியை எப்படிப் பிடித்தாள் என்று பார்க்கத்தானாம்.

வழக்குக் கதையையும் சொன்னேன். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இன்றைக்கு 'ராபின் ஹூட்'. 'டு ஈச் ஹிஸ் ஓன்' படத்துக்குத் தெளிவான பிரதி, ஒழுங்கான சப்டைட்டிலோடு எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா? நான் பார்த்த ஒன்றில் வசனம் முடிந்து நாலு வினாடி கழித்து எழுத்து வருகிறது. சப்டைட்டில்காரி அக்கா பார்த்தால் திட்டுவார்.